கேள்வி பதில்: குத்துவது ஒருவர், விற்பது இன்னொருவர்

இந்த முறை வந்த கடிதங்களில் குத்துச்சண்டை பற்றியவைதான் அதிகம். அதிலும் பாதிப் பேர் சண்டையை விட்டுவிட்டு, சண்டையை விற்பவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் பிடித்த பகுதி அதுதான். ஆகவே மற்ற விளையாட்டுகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

புரமோட்டர் என்பவர் உண்மையில் என்னதான் செய்கிறார்?

பணம் போடுகிறார். அல்லது போடப் போவதாகச் சொல்கிறார். ஒரு வீரரோடு சில வருடங்களுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, வருடத்துக்கு இத்தனை சண்டை, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இவ்வளவு என்று வாக்குக் கொடுக்கிறார். அரங்கம் பிடிப்பது, எதிராளியைத் தேடுவது, விளம்பரம் எல்லாம் அவர் தலையில். அந்தச் செலவை டிக்கெட், ஸ்பான்சர், ஒளிபரப்பு மூன்றிலிருந்தும் திரும்ப எடுக்க வேண்டும். பெரிய சண்டை என்றால் மற்ற இரண்டும் சில்லறை, ஒளிபரப்புதான் காசு.

கால்பந்தில் லீக் இருக்கிறது. யாரோடு யார் மோதுவது என்பதை அட்டவணை சொல்லிவிடும், உரிமையை லீக் மொத்தமாக விற்றுவிடும். குத்துச்சண்டையில் டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு அமைப்புகள் பட்டம் தருகின்றன. ஒளிபரப்பு உரிமையோ புரமோட்டரிடம். அவர் அதை ஏதாவது ஒரு சேனலுக்கு வருடக்கணக்கில் எழுதிக் கொடுத்துவிடுவார். அதனால் ஒரு வீரர் புரமோட்டரிடம் கையெழுத்துப் போடும்போதே, யாரோடெல்லாம் தன்னால் மோத முடியாது என்பதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறார். இது புரிந்தால் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை வந்துவிடும்.

மேவெதர், பாக்கியாவ் சண்டைக்கு ஏன் அத்தனை வருடம் ஆனது? பயமா?

அந்தக் காலத்தின் இரண்டு பெரிய வீரர்கள் இவர்கள். பயம் என்று இரண்டு பக்க ரசிகர்களும் எதிராளியைச் சொன்னார்கள். 2009 கடைசியில் பேச்சு நடந்தபோது மேவெதருக்கு வயது 32, பாக்கியாவுக்கு 31. ரிங்கில் ஏறியபோது 38, 36.

வெளியே சொன்ன காரணம் ரத்தப் பரிசோதனை. சண்டை நெருங்கும்போது எதுவரை ரத்தம் எடுக்கலாம் என்பதில் பேச்சு முறிந்தது. ஆனால் அதற்கு அடியில் பழைய பகை ஒன்று இருந்தது. மேவெதர் ஒரு காலத்தில் பாப் ஆரம் என்ற புரமோட்டரின் டாப் ரேங்க் நிறுவனத்து வீரர். 2006இல் 7,50,000 டாலர் கட்டி அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறியவர். பாக்கியாவோ ஆரமிடம் இருந்தார். அப்புறம் 2013இல் மேவெதர் எச்பிஓ என்ற அமெரிக்க சந்தா சேனலை விட்டு, அதன் போட்டிச் சேனலான ஷோடைமுக்குப் போனார். பாக்கியாவ் எச்பிஓவில். இப்போது இரண்டு வீரர்கள், இரண்டு முகாம்கள், இரண்டு போட்டி சேனல்கள்.

கடைசியில் ஷோடைமின் தாய் நிறுவனமான சிபிஎஸ்ஸின் தலைவர் லெஸ் மூன்வெஸ் நடுவில் புகுந்து பேச வேண்டியிருந்தது. இரண்டு சேனலும் சேர்ந்தே ஒளிபரப்பைத் தயாரித்தன. வர்ணனைக்கு எச்பிஓவின் ஜிம் லாம்ப்லியும் ஷோடைமின் ஆல் பெர்ன்ஸ்டைனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். வீரர்களின் பெயரைக் கூவி அறிவிக்கக்கூட ஆளுக்கொருவர்: மைக்கேல் பஃபர், ஜிம்மி லெனான் ஜூனியர். சம்பந்தி வீட்டார் இருவரும் தனித்தனி மேளம் கொண்டுவந்த கல்யாணம்தான்.

2015 மே 2, லாஸ் வேகஸ், எம்ஜிஎம் கிராண்ட். அமெரிக்காவில் 46 லட்சம் பே-பர்-வியூ (அந்த ஒரு சண்டையை மட்டும் வீட்டில் பார்க்கத் தனியாகக் கட்டும் கட்டணம்) விற்றது. எச்டியில் பார்க்க 99.95 டாலர். டிக்கெட் வசூல் 7 கோடி டாலரைத் தாண்டியது, அதுவே பெரிய தொகை. பே-பர்-வியூ வசூல் 40 கோடியைத் தாண்டியது. கடைசி நேரத்தில் வாங்க எல்லோரும் முண்டியடித்ததில் கேபிள் கம்பெனிகள் திணற, சண்டையின் ஆரம்பத்தையே கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். பன்னிரண்டு ரவுண்டு முடிந்து பாயின்டில் மேவெதர் ஜெயித்தார். 2010இலேயே நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள், எரிச்சல் வரும்.

டான் கிங், பாப் ஆரம் இருவரில் யார் பெரிய ஆள்?

இருவரும் அமெரிக்க புரமோட்டர்கள். சத்தத்தில் கிங். காலத்தில் ஆரம்.

ஆரம் வந்த வழி வேடிக்கையானது. அவர் ராபர்ட் கென்னடி காலத்து அமெரிக்க நீதித் துறையில் அரசு வக்கீல். 1962இல் பேட்டர்சன், லிஸ்டன் சண்டையின் வசூலை வரி விவகாரத்தில் முடக்கும் வேலை அவரிடம் வந்தது. அப்போதெல்லாம் பெரிய சண்டைகளைத் தியேட்டர்களில் திரை கட்டி நேரடியாகக் காட்டுவார்கள். டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்த்தவருக்கு இந்தத் தொழிலில் எவ்வளவு புரள்கிறது என்று தெரிந்துவிட்டது. 1966இல் டொரான்டோவில் முகமது அலி, சுவாலோ சண்டையை நடத்தினார். அதற்கு முன் குத்துச்சண்டையில் அவருக்குப் பெரிய ஈடுபாடு எதுவும் கிடையாது.

கிங் 1971இல்தான் சிறையிலிருந்து வெளியே வந்தார். 1974இல் கின்ஷாசாவில் அலி, ஃபோர்மேன் சண்டை! அலிக்கு 50 லட்சம் டாலர், ஃபோர்மேனுக்கு 50 லட்சம் டாலர் என்று சொல்லி முதலில் கையெழுத்துகளை வாங்கிவிட்டார். கையில் பணம் இல்லை. பிறகு தேடிப் பிடித்ததுதான் ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டு அதிபர் மொபுட்டுவை. தன் நாட்டின் பெயரை உலகம் உச்சரித்தால் போதும் என்று அவர் பணத்தை இறக்கினார். பயிற்சியில் ஃபோர்மேனின் கண்ணருகே வெட்டுப்பட்டு, செப்டம்பர் 25 சண்டை அக்டோபர் 30க்குப் போனது. அங்கே மணி விடிகாலை நான்கு. ஏன் அந்த நேரம்? அமெரிக்கத் தியேட்டர்களில் அப்போதுதான் ராத்திரிக் காட்சி. ஆப்பிரிக்காவில் நடந்த சண்டையின் நேரத்தை அமெரிக்க டிக்கெட் கவுன்டர் முடிவு செய்தது. இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த ஒரு தகவலே போதும்.

கிங்கும் ஆரமும் பகையாளிகள் என்று பெயர், ஆனால் தொகை பெரிதாக இருந்தால் கைகோத்துக்கொண்டார்கள். 1980இல் மான்ட்ரியலில் லெனார்ட், டுரான். 1999இல் டி லா ஹோயா, டிரினிடாட்: 14 லட்சம் பே-பர்-வியூ. பின்னாளில் மைக் டைசன் தன் பணத்தைச் சுருட்டியதாகக் கிங் மீது 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு, 2004இல் 1.4 கோடியில் சமாதானம் ஆனதையும் சேர்த்துப் பார்த்தால், என் ஓட்டு ஆரமுக்குத்தான்.

புரமோட்டர் ஆக என்ன படிக்க வேண்டும்?

ஆரம் ஹார்வர்டு. பிபிசி நிறுவனத்தின் ஆல் ஹேமனும் ஹார்வர்டு. (லண்டன் பிபிசி இல்லை, பிரீமியர் பாக்சிங் சாம்பியன்ஸ்.) கிங் சிறை நூலகம். இரண்டு இடத்திலும் பாடத்திட்டம் நன்றாக இருக்கும் போல.

சேனல்தானே புரமோட்டருக்குப் பணம் தரும்? தலைகீழாக நடந்தது உண்டா?

உண்டு. அதே ஹேமன்தான். 2015இல் என்பிசி, சிபிஎஸ் போன்ற பெரிய சேனல்களுக்கு இவரே பணம் கட்டி நேரத்தை வாங்கினார். முதலீட்டாளர்களின் பணம் கோடிக்கணக்கில் போனது. இலவசமாகப் பார்த்துப் பழகட்டும், பிறகு சேனல்களே உரிமையைக் காசு கொடுத்துக் கேட்கும் என்பது கணக்கு. சில வருடம் கழித்து ஃபாக்ஸ் பணம் கொடுத்து வாங்கவும் செய்தது. ஆனால் போட்ட காசோடு ஒப்பிட்டால், நான் இதை வெற்றி என்று எழுத மாட்டேன்.

இப்படி ஆளாளுக்கு வைத்ததே சட்டமா? அரசாங்கம் கேட்காதா?

கேட்டிருக்கிறது. 1950களில் ஜேம்ஸ் நாரிஸ் என்பவரின் இன்டர்நேஷனல் பாக்சிங் கிளப், முக்கியமான அரங்கங்கள், பட்ட வீரர்கள், டிவி ஒளிபரப்பு மூன்றையும் ஒன்றாக வளைத்துப் போட்டிருந்தது. ஏகபோகம் என்று சொல்லி அதைக் கலைக்கச் சொன்ன தீர்ப்பை 1959இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

2000இல் முகமது அலி பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. ஒரு சண்டையில் தனக்கு எவ்வளவு வந்தது என்பதைப் புரமோட்டர் தன் வீரரிடம் காட்ட வேண்டும். மேனேஜரும் புரமோட்டரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நல்ல சட்டம். ஹேமன் தன்னை 'ஆலோசகர்' என்று சொல்லிக்கொண்டார். டாப் ரேங்கும், கோல்டன் பாய் என்ற இன்னொரு புரமோட்டர் நிறுவனமும் வழக்குப் போட்டன. ஒன்று சமாதானத்தில் முடிந்தது, இன்னொன்று தள்ளுபடி.

எச்பிஓ ஏன் குத்துச்சண்டையைக் கைவிட்டது?

இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஃபோர்மேன் ஃபிரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை கீழே தள்ளியதைக் காட்டியபோது எச்பிஓ பிறந்து சில மாதம்தான். 1975இல் மணிலாவில் நடந்த அலி, ஃபிரேசியர் சண்டையைச் செயற்கைக்கோள் வழியாகக் கொடுத்துத்தான் நாடு முழுக்கப் போகும் சேனலாக வளரத் தொடங்கியது. 2018 டிசம்பரில் கடையை மூடியபோது அவர்கள் சொன்ன காரணம்: சந்தாதாரர்கள் இதற்காக எங்களிடம் வருவதில்லை. கணக்குப்படி சரிதான். நாடகத் தொடர்கள் வந்த பிறகு குத்துச்சண்டை தேவைப்படவில்லை. ஷோடைமும் 2023 முடிவில் போய்விட்டது.

எடி ஹெர்ன், ஃபிராங்க் வாரன் சமாதானம் ஆகிவிட்டார்களா?

பணம் ஆக்கிவிட்டது. பிரிட்டனின் இந்த இரண்டு புரமோட்டர்களில், ஹெர்னின் மேட்ச்ரூம் நிறுவனம் முதலில் ஸ்கை சேனலில், 2021இலிருந்து டாஸோன் என்ற இணைய ஒளிபரப்பு ஆப்பில். வாரனின் குவீன்ஸ்பெரி நிறுவனம் அப்போது பிடி ஸ்போர்ட் சேனலில். ஹெவிவெயிட் வீரர்களில் ஜோஷுவா ஹெர்னிடம், ஃப்யூரி வாரனிடம். இருவரும் மைக் கிடைத்தால் ஒருவரையொருவர் திட்டுவார்கள்.

ஆனால் இதைவிட வயிற்றெரிச்சல் ஜோஷுவா, வைல்டர் கதைதான். 2018இல் இருவரும் தோற்காதவர்கள். நான்கு பெரிய ஹெவிவெயிட் பட்டங்களும் இந்த இருவரிடம்தான். ஹெர்ன் பக்கம் ஸ்கை, டாஸோன். வைல்டர் பக்கம் ஹேமன், ஷோடைம். ஜோஷுவாவுக்கு 5 கோடி டாலர் தருவதாக வைல்டர் தரப்பு சொன்னது, மாதக்கணக்கில் கடிதம் போனது, வந்தது, ஒன்றும் நடக்கவில்லை. 2019இல் ஜோஷுவா ரூயிஸிடம் விழுந்தார். 2020இல் வைல்டர் ஃப்யூரியிடம்.

2023இல் சவூதி அரசின் பொழுதுபோக்குத் துறைத் தலைவர் துர்கி அலல்ஷிக் பணத்தோடு வந்தார். டிசம்பர் 23 அன்று ரியாத்தில் ஒரே மேடையில் ஜோஷுவாவும் வைல்டரும், வேறு வேறு எதிராளிகளோடு. இருவரும் ஜெயித்தால் அடுத்து இவர்களுக்குள் என்று ஏற்பாடு. வைல்டர் பார்க்கரிடம் தோற்றார்! 2024 ஜூன் 1 அன்று அதே ரியாத்தில் ஹெர்ன் அணி ஐந்து பேர், வாரன் அணி ஐந்து பேர் என்று நேரடியாகவே மோதவிட்டார்கள். ஐந்திலும் வாரன் ஆட்கள் ஜெயித்து 10-0. தோற்ற ஹெர்ன் அணியின் கேப்டன் யார் தெரியுமா? வைல்டர். 2018இல் எத்தனை கெஞ்சியும் கிடைக்காத ஆள்.

2025இல் வாரனும் டாஸோனுக்கே வந்துவிட்டார்.

இனி சந்தா மட்டும் போதுமா? பே-பர்-வியூ செத்துவிட்டதா?

2018இல் டாஸோன் அமெரிக்காவுக்கு வந்தபோது அதைத்தான் விளம்பரம் செய்தது. 2022இல் கனெலோ, பிவோல் சண்டையை அதே டாஸோன் பே-பர்-வியூவாக விற்றது.

2024 நவம்பரில் 58 வயது டைசனை யூடியூபில் பிரபலமான ஜேக் பாலோடு நெட்ஃபிளிக்ஸ் மோதவிட்டது. 6 கோடி வீடுகளில் பார்த்ததாகச் சொன்னார்கள். நிறையப் பேர் பார்த்தது, படம் வராமல் திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தை. 2025 செப்டம்பரில் கனெலோ, கிராஃபோர்ட். இது நிஜமான சண்டை, கூடுதல் கட்டணம் இல்லாமல். நெட்ஃபிளிக்ஸுக்குக் கட்டுப்படியாகும், ஏனென்றால் சந்தா வேறு எதற்காகவோ ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. குத்துச்சண்டையை மட்டும் நம்பும் கடைக்குக் கட்டுப்படியாகாது.

மூன்று சந்தா கட்டுகிறேன். எதை வைத்துக்கொள்ளலாம்?

எதையும் வருடக் கணக்கில் கட்டாதீர்கள். டாப் ரேங்குக்கும் ஈஎஸ்பிஎன்னுக்கும் இருந்த ஒப்பந்தமே 2025 ஜூலையில் முடிந்துவிட்டது. நிறுவனத்தைப் பார்க்காதீர்கள், வீரரைப் பாருங்கள். சண்டை அறிவிப்பு வந்ததும் அவர் எந்த ஆப்பில் வருகிறார் என்று தேடி, ஒரு மாதம் கட்டிவிட்டு, முடிந்த அன்றே ரத்து செய்துவிடுங்கள்.