முதல் வரியில் என்ன இருக்க வேண்டும்? மாணவ நிருபர்களுக்குப் பதில்கள்

நாளிதழ் டெஸ்க்கில் உட்கார்ந்து நிருபர்கள் அனுப்பும் செய்திகளைத் திருத்துவது என் வேலை. இதழியல் மாணவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கல்லூரி விழாவைத் தொடக்கத்திலிருந்து வரிசையாக எழுதினேன் அக்கா. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏன்?

தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை எல்லாம் எந்த விழாவிலும் உண்டு. நடந்த வரிசை வேறு, செய்தியின் வரிசை வேறு. வீட்டுக்குப் போனதும் "இன்னைக்கு காலேஜ்ல என்ன விசேஷம்?" என்று அம்மா கேட்டால் எதை முதலில் சொல்வீர்கள்? புதிய விடுதி கட்டப்போவதாக அறிவித்தார்கள் என்றால் அதுதான் உங்கள் முதல் வரி. விளக்கேற்றியவர் பெயர் கடைசியில் வரட்டும்.

தலைகீழ் பிரமிடு என்கிறார்களே, அது எதற்கு?

செய்தியில் கனமான தகவல் மேலே, மற்றவை படிப்படியாகக் கீழே. 1865இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிங்கன் சுடப்பட்ட இரவில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நிருபர் அனுப்பிய முதல் தந்தி, குடியரசுத் தலைவர் நாடக அரங்கில் சுடப்பட்டார், உயிர் பிழைப்பது சந்தேகம் என்ற அளவில்தான் இருந்தது. நாடகத்தைப் பற்றிய வர்ணனை இல்லை. அச்சில் இன்னொரு காரணமும் உண்டு. பக்கம் முடியும் நேரத்தில் இடம் குறைந்தால், நாங்கள் கடைசிப் பத்தியிலிருந்துதான் வெட்டுவோம். முக்கியமான தகவலை அங்கே வைத்திருந்தால் அது போய்விடும்.

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி: ஆறுக்கும் முதல் வரியிலேயே பதில் வேண்டுமா சார் என்று கேட்டால், வேண்டும் என்கிறார் எங்கள் ஆசிரியர். உங்கள் கருத்து?

எனக்கு இதில் உடன்பாடில்லை. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ஆறையும் ஒரே வாக்கியத்தில் திணித்தால் இப்படி ஆகும்:

"கர்நாடகத்தில் பெய்துவரும் தொடர் மழை காரணமாக நீர்வரத்து அதிகரித்ததையடுத்து, சேலம் மாவட்டம் மேட்டூர் அணையின் நீர்மட்டம் முழுக் கொள்ளளவான 120 அடியை இன்று காலை எட்டியதாக அதிகாரிகள் தெரிவித்தனர்."

அணை நிரம்பியதா என்று தெரிய வாக்கியத்தின் கடைசி வரை போக வேண்டியிருக்கிறது. போதாததற்கு ஒரு பிழை வேறு: 120 அடி என்பது நீர்மட்டத்தின் முழு உயரம். கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). இந்தக் குழப்பத்தை வாரம் ஒரு முறையாவது திருத்துகிறேன்.

நான் இப்படி எழுதுவேன்: "மேட்டூர் அணை நிரம்பியது. நீர்மட்டம் இன்று காலை 120 அடியைத் தொட்டது." அடுத்த பத்தியில் எவ்வளவு உபரிநீர் திறக்கிறார்கள், கரையோர ஊர்களுக்கு என்ன எச்சரிக்கை. காவிரிக்கரையில் ஆடு மாடு வைத்திருப்பவருக்கு அதுதான் அவசரம். மழைக் காரணம் அதற்குப் பிறகு. அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்தது, பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள் என்பதெல்லாம் கடைசிப் பத்திக்கு.

மேற்கோள் எங்கே போடுவது?

மூன்றாவது பத்திவாக்கில். அவர் மட்டுமே சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "ஏற்பாடுகள் சிறப்பாக உள்ளன" என்பதற்கு மேற்கோள்குறி தேவையில்லை, அந்த வரியே தேவையில்லை.

மூத்த நிருபர் அண்ணன்மார் செய்வதுபோல, போலீஸ் தரும் குறிப்பை அப்படியே போடலாமா?

கூடாது. "திருடியவர் கைது" என்று குறிப்பில் இருந்தாலும், "திருடியதாக ஒருவர் கைது" என்றே எழுதுங்கள். தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம்சாட்டப்பட்டவர்தான். அப்புறம், 'யார்' என்ற கேள்விக்குப் பதில் தரக்கூடாத இடமும் உண்டு. வழக்கில் சிக்கியவரோ பாதிக்கப்பட்டவரோ சாட்சியோ 18 வயதுக்குக் கீழ் என்றால் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக்கூடாது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 74 அதைத் தடைசெய்கிறது. பெயரை விட்டுவிட்டு "இன்ன தெரு டீக்கடைக்காரரின் மகன்" என்று எழுதுவதும் அடையாளம் காட்டுவதுதான். டெஸ்க்குக்கு அனுப்புமுன் அந்த வரியையும் எடுத்துவிடுங்கள்.