கட்டி வற்றுகிறது, எண்ணிக்கை ஏறுகிறது

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, சி.எல்.எல். வகை இரத்தப் புற்றுநோய். இப்ருடினிப் தொடங்கி ஐந்து கிழமை. கழுத்துக் கட்டிகள் வற்றிவிட்டன. ஆனால் வெள்ளணு 48,000இலிருந்து 110,000ஆகக் கூடியிருக்கிறது. மருந்தை நிறுத்தலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டி என்பது வீங்கிய நிணநீர்க் கணு. அதற்குள் ஒட்டிக்கிடந்த புற்றுநோய் வெள்ளணுக் கலங்கள்தான் இப்போது இரத்தத்தில் மிதக்கின்றன.

இந்தக் கலங்களின் மேற்பரப்பில் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற வாங்கி (வெளியிலிருந்து வரும் சைகையை ஏற்கும் புரதம்) உண்டு. நிணநீர்க் கணுவிலும் எலும்பு மச்சையிலும் சுரக்கும் சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற புரதத்தை அது மோப்பம் பிடித்துக் கலத்தை அங்கே இழுத்துப்போகும். போன இடத்தில் வி.எல்.ஏ.4 என்ற இன்னொரு வாங்கி கொக்கிபோல் பற்றிக்கொள்ளும். இந்த வாங்கிகள் தரும் சைகையை உள்ளே கடத்துவதில் பி.டி.கே. நொதிக்குப் பெரும் பங்கு. இப்ருடினிப் முடக்குவது அதைத்தான். பிடி தளர்கிறது, வெளியே வந்த கலம் திரும்பிப் போகவும் தடுமாறுகிறது. தேயிலை மலையில் காலில் ஏறிய அட்டைக்கு உப்பு வைத்தால் கழன்று விழுமே, அப்படித்தான். கணு தந்த ஊட்டம் இல்லாமல் அவை மெல்ல மெல்லச் சாகும்.

இந்த மருந்து எடுக்கும் சி.எல்.எல். நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு முதல் மாதத்தில் இப்படி ஏறும். பாதிப் பேருக்குச் சுமார் 14 கிழமைக்குள் இறங்கிவிடும். சிலருக்கு ஒரு வருடமும் தாண்டும்.

ரிப்போர்ட்டில் வெள்ளணுவை மட்டும் பார்த்துப் பயப்படாமல் ஹீமோகுளோபினையும் பிளேட்லட்டையும் சேர்த்துப் பாருங்கள். அவை குறைந்தாலோ, கட்டி மறுபடி வளர்ந்தாலோ, இரவில் உடுப்பு நனைய வியர்த்தாலோ, இறங்கிய எண்ணிக்கை மீண்டும் ஏறினாலோ கதை வேறு. அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பயந்து நடுவில் நிறுத்தியவர்களுக்குக் கட்டிகள் சில நாட்களிலேயே வீங்கியதுண்டு.

வழக்கமான அளவு நாளுக்கு ஒருமுறை 420 மில்லிகிராம். ஒருவேளை மறந்தால் அன்றைக்கே எடுக்கலாம். மறுநாள் இரட்டிப்பாக வேண்டாம். கிரேப்ஃபுரூட், பம்பிளிமாஸ் இரண்டும் மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும், தவிருங்கள். மருந்தே இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியது என்பதால் மூட்டு வலிக்கென்று கடையில் டைக்குளோபினாக், அஸ்பிரின் வாங்கிக் கொடுக்காதீர்கள். பல் பிடுங்குவதானாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்தைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டாலோ, நெஞ்சு ஒழுங்கில்லாமல் படபடத்தாலோ, மலம் கறுத்தாலோ கண்டி போகும்வரை பார்க்க வேண்டாம். கிட்ட இருக்கும் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கே உடனே கொண்டுபோய், இப்ருடினிப் எடுப்பதை முதலில் சொல்லுங்கள்.