பாகையா தசமமா என்று சொல்லாமல் எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள்

கதவு எண்ணும் தெருப்பெயரும் இல்லாத தோட்டத்தை வெளியூர்க்காரருக்கு அட்சரேகை, தீர்க்கரேகையால் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். போர்வெல் வண்டிக்கோ வேலி போடும் ஆட்களுக்கோ சொல்லித் தொண்டை வறண்டிருப்பீர்கள். நான் புவியியல் படித்தவன் இல்லை. நில அளவையராகச் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன்.

முதலில் அட்சரேகை, பிறகு தீர்க்கரேகை. மாற்றிப் போட்டால் மதுரைத் தோட்டம் வட துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் விழும். அதுகூடப் பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். கழுத்தை அறுப்பது பாகை (டிகிரி), கலை (மினிட்) விவகாரம்தான்.

மதுரைப் பக்கம் யானைமலைக்குக் கிழக்கே என் மைத்துனருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. போர்வெல் ஏற்பாடு செய்த தரகரிடம் 9 பாகை 57 கலை வடக்கு, 78 பாகை 12 கலை கிழக்கு என்று தாளிலேயே எழுதிக் கொடுத்தேன். புண்ணியவான் அதை 9.57, 78.12 என்று தட்டி ஓட்டுநருக்கு அனுப்பிவிட்டார். ஒரு பாகைக்கு 60 கலை. 57 கலை என்பது தசமத்தில் 0.95 பாகை. அது 0.57 ஆகிப்போனால் 0.38 பாகை குறைகிறது. பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள், 42 கிலோமீட்டர் தெற்கே இழுத்துவிடும். விடியற்காலையில் ஓட்டுநர் போன் செய்தார்: "அண்ணே, யானைமலை தெரியும் என்றீர்கள். இங்கே சீமைக்கருவேலம்தான் தெரிகிறது." வண்டி நின்றது அருப்புக்கோட்டைக்கு வடக்கே ஒரு கரிசல்காட்டில். டீசல் காசு யார் தலையில் விழுந்தது என்று கேட்காதீர்கள்.

ஆகவே தசமத்திலேயே கொடுங்கள். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர் துல்லியம், ஐந்து என்றால் ஒரு மீட்டர். செல்போனே சில மீட்டர் பிசகும். ஏழெட்டு இலக்கம் எழுதுவது வெறும் ஜம்பம். கிணற்றடியில் நின்று எடுக்காதீர்கள், வண்டி திரும்ப வேண்டிய பாதை முனையில் நின்று எடுங்கள். லொகேஷன் பகிர்ந்தால் போதாதா என்று சிலர் கீழே எழுதுவார்கள். நெட் கிடைக்கும் ஊரில் தாராளமாகப் பகிரட்டும். கிடைக்காத ஊரில் எண் குறுஞ்செய்தியாகவாவது போய்ச் சேரும்.

தயவுசெய்து இந்த எண்ணை வைத்துக்கொண்டு வரப்புத் தகராறுக்குப் போகாதீர்கள். அதற்குப் புலப்படமும் (நிலத்தை அளந்து வரைந்த சர்வே படம்) எல்லையில் நட்ட கல்லும்தான் சாட்சி. கல்லை எங்கே விட்டுவைக்கிறார்கள்? டிராக்டருக்கு இடைஞ்சல் என்று பிடுங்கி எறிகிறார்கள். தலையில் குறி வெட்டிய கல் ஒன்று ஒரு வீட்டில் துணி துவைக்கக் கிடந்தது. எல்லையைக் காணவில்லை, வந்து அளந்து கொடுங்கள் என்று மனுப் போட்டிருந்தவரும் அந்த வீட்டுக்காரர்தான்.