குறிப்பிடம், மனப்பாடம், புதுநன்மை

அன்புள்ள ஐயா,

எங்கள் பங்கில் புதுநன்மை (முதல் நற்கருணை) வகுப்பு எடுக்கிறேன். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். "எங்கள் காலத்தில் சின்னக் குறிப்பிடத்தை (மறைக்கல்விக் கேள்வி-பதில் நூலை) ஒப்பித்தால்தான் நன்மை கொடுப்பார்கள், இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களோ மனப்பாடமே கூடாது என்கிறார்கள். இந்தக் கேள்வி-பதில் முறை எங்கிருந்து வந்தது? லுத்தர் தொடங்கியதைத்தான் நம்மவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்கிறார் ஒருவர், உண்மையா? இன்னொன்று: பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளை, நம் பிள்ளைகள் சொல்லும் பத்துக் கட்டளை வரிசை தப்பு என்கிறது. என்ன பதில் சொல்ல?

— மறைக்கல்வி ஆசிரியை ஒருவர், தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

லுத்தர் விஷயம் பாதி உண்மை. 1528-இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிப் பங்குகளைப் பார்வையிடப் போன இந்தப் புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தவாதி, சனங்களுக்கு மட்டுமல்ல, சில குருமாருக்கே கர்த்தர் கற்பித்த செபம் தெரியவில்லை என்று கண்டு கொதித்துப்போனார். 1529 சனவரியில் சுவரில் மாட்டும் அட்டைகளாகவும், பின்பு நூலாகவும் அவருடைய சிறிய ஞானோபதேசம் (விசுவாசத்தைக் கற்பிக்கும் நூல்) வந்தது. ஆனால் உள்ளே இருந்த சரக்கு பழையது. 1281-இல் இங்கிலாந்தின் லாம்பெத் சங்கமே, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, தேவதிரவிய அனுமானங்கள் (அருட்சாதனங்கள்) எல்லாவற்றையும் ஆண்டுக்கு நான்கு முறை மக்கள் மொழியில் விளக்கவேண்டும் என்று குருக்களுக்கு உத்தரவு போட்டிருந்தது. பிள்ளைகளுக்கான கேள்வி-பதில் நூலைப் போகிமிய சகோதரர் சபையும் லுத்தருக்கு முன்பே வைத்திருந்தது.

இன்னும் பின்னால் போனால் நூலே கிடையாது. ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்த வயதுவந்தவர்களுக்கு விசுவாசப் பிரமாணத்தை வாயால் சொல்லிக்கொடுப்பார்கள். எழுதிவைக்கக் கூடாது. சில நாள் கழித்து அவர்கள் அதைத் திரும்ப ஒப்பிக்கவேண்டும். ஆக, மனப்பாடம் திருச்சபையில் குறிப்பிடத்தைவிட மூத்தது. ஆனால் மனப்பாடம் செய்தது பிரமாணம் போன்ற சில வரிகளை மட்டும்தான். விளக்கம் எல்லாம் பிரசங்கமாக வந்தது. கி.பி. 400 வாக்கில், போதிக்கப் போதிக்கத் தனக்கே சலிப்பாக இருக்கிறது என்று புலம்பிய கார்த்தேஜ் நகரத்துத் தியாக்கோன் (திருத்தொண்டர்) ஒருவருக்கு ஆயர் அகுஸ்தினார் ஒரு கையேடே எழுதிக்கொடுத்தார். உலகப் படைப்பிலிருந்து கதையாகச் சொல், கேட்பவன் கொட்டாவி விட்டால் உட்கார இடம் கொடு என்கிற அளவுக்கு இறங்கிப் பேசுகிற கையேடு அது. உங்கள் பயிற்சியாளர்கள் அதை வாசித்திருந்தால் நல்லது.

லுத்தரின் முன்னுரையை மட்டும் தனியாகச் சொல்லியாகவேண்டும். நூலை வைத்திருப்பவர்களே அதைப் படிப்பதில்லை. மூன்று படிகளை அவர் சொல்கிறார். முதலில் ஒரே பாடத்தைத் தேர்ந்துகொள், வருடா வருடம் ஒரு சொல்கூட மாற்றாமல் அதையே சொல்லிக்கொடு, ஆளுக்கொரு மாதிரி சொன்னால் பாமரர் குழம்பிப்போவார்கள். சொற்கள் பதிந்தபிறகு, ஒரு கட்டளையை எடுத்து அதன் பொருளைச் சொல். அது புரிந்த பின்பே அடுத்ததுக்குப் போ, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திணிக்காதே. மூன்றாவது, பெரிய ஞானோபதேசத்தை எடுத்து விரித்துச் சொல், அதுவும் ஊருக்குத் தக்கபடி: கைவினைஞரும் வியாபாரிகளும் இருக்கும் இடத்தில் களவு பற்றிய ஏழாம் கட்டளையை அழுத்து, பிள்ளைகளிடம் பெற்றோரை மதிப்பது பற்றிய நான்காவதை அழுத்து. ஒப்பித்தல் இதில் முதல் படி மட்டும். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு படியைத்தான்.

கத்தோலிக்கத் தரப்பில் சேசு சபைக் குரு பீட்டர் கனிசியுஸ் 1555 தொடங்கி, கல்லூரி மாணவருக்கு ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று, இடைப்பட்டவர்களுக்கு ஒன்று என்று மூன்று நூல் எழுதினார். திரெந்து சங்கத்தின் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம்) பெயரால் 1566-இல் வந்த நூலில் கேள்வி-பதிலே இல்லை. அது பங்குக் குருக்களுக்கானது. எனக்குப் பிடித்தது இன்னொரு சேசு சபைக் குருவான பெல்லார்மின் செய்தது. 1597-இல் அவர் எழுதிய சின்ன நூலில் ஆசிரியர் கேட்பார், மாணவர் சொல்வார். அடுத்த ஆண்டு எழுதிய பெரிய நூலில் மாணவர் கேட்பார், ஆசிரியர் சொல்வார். அடிப்படை பதிந்த பிள்ளைக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. நம் வகுப்புகளில் முதல் நூலின் முறை மட்டும் தங்கி, இரண்டாவது காணாமல் போனது பெரிய நஷ்டம்.

உங்கள் கடற்கரைக்கு இது லுத்தர் வழியாக வரவில்லை. 1542-இல் வந்த சவேரியார் கையில் மணியடித்துக்கொண்டு தெருவில் பிள்ளைகளைக் கூட்டி, தினம் இரண்டு வேளை செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். கற்ற பிள்ளைகள் வீட்டில் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஞாயிறுதோறும் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி, "விசுவசிக்கிறீர்களா?" என்று கேட்பார், சனங்கள் கைகளை மார்பில் குறுக்கே வைத்து, விசுவசிக்கிறோம் என்பார்கள். பின்பு 1578-இல் என்றிக்கே என்றீக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கத்தில் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல் ஒரு ஞானோபதேசம்தான். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்', மார்க்கோஸ் ஜோர்ஜ் என்னும் போர்த்துக்கீசிய சேசு சபைக் குருவின் நூலைத் தழுவியது. அதில் ஆசிரியரும் மாணாக்கரும் கேள்வி-பதிலாகப் பேசுகிறார்கள். லுத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழாக்கிய சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்ததே 1706-இல்தான்.

இனி உங்கள் வகுப்புக்கு வருவோம். பழைய குறிப்பிடத்தில் குற்றம் காண்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 1910 வரை பல நாடுகளில் பிள்ளைகள் பத்து முதல் பதினான்கு வயதில்தான் முதல் நன்மை வாங்கினார்கள். குறிப்பிடங்கள் அந்த வயதை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 1910-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் வயதை ஏழு வாக்கில் இறக்கினார். வயது இறங்கியது, புத்தகம் இறங்கவில்லை. பன்னிரண்டு வயதுக்கு எழுதிய வாக்கியத்தை எட்டு வயதுக்குக் கொடுத்தால் கிளிப்பிள்ளைப் பேச்சுதான் வரும். அதே ஆணை, பிள்ளைக்கு முழு அறிவு வேண்டியதில்லை, தன் வயதுக்கு ஏற்ற அளவில் முக்கிய மறைபொருள்களை அறிந்து, நற்கருணை அப்பத்தைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறிந்தால் போதும் என்றும் சொல்கிறது. ஆகவே, ஒப்பித்தால்தான் நன்மை என்று யாராவது சொன்னால் அது ஊர் வழக்கம், திருச்சபைச் சட்டம் அல்ல.

எதை மனப்பாடம் செய்யவேண்டும்? பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை, பத்துக் கட்டளை, மனஸ்தாப மந்திரம். இவற்றை எழுத்துக்கு எழுத்து. மற்றவற்றில் பதிலின் கருத்தைக் கேளுங்கள், வார்த்தையைக் கேட்காதீர்கள். முதல் வாரமே ஒரு சிக்கல் வரும்: வீட்டில் பாட்டி "பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே" என்பார், கோயிலில் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே". இரண்டையும் கலந்து சொல்லும் பிள்ளைக்கு ஞாபகசக்தி குறைவு என்று நினைக்கவேண்டாம். கோயிலில் சொல்வதையே வகுப்புப் பாடமாக வையுங்கள், அதைப் பெற்றோருக்கும் எழுதிக்கொடுங்கள்.

எல்லோரையும் சேர்ந்து சொல்லவைப்பது ஏமாற்று. மூன்று பிள்ளைகள் இழுத்துச் செல்ல, மற்றவர்கள் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் மட்டும் வந்து சேர்வார்கள். சேர்ந்து இரண்டு முறை, பிறகு இருவர் இருவராக ஒருவரிடம் ஒருவர் கேட்கட்டும். ஒரு வகுப்புக்கு மூன்று கேள்விக்கு மேல் போகாதீர்கள். ஆம், இல்லை என்று முடியும் கேள்வி வேண்டாம். உங்கள் குரலின் ஏற்ற இறக்கத்திலேயே பிள்ளை விடையைப் பிடித்துவிடும். பதிலில் கேள்வியும் அடங்கியிருக்கட்டும். "உலகத்தைப் படைத்தது யார்?" என்றால் "கடவுள்" என்று நிறுத்தாமல் "கடவுள் உலகத்தைப் படைத்தார்" என்று முழுதாக வரவேண்டும். நாளைக்குக் கேள்வி மறந்தாலும் பதில் தனியாக நிற்கும். 1647-இல் இங்கிலாந்தில் புரட்டஸ்தாந்தார் எழுதிய வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடையின் 107 பதில்களும் இப்படி முழு வாக்கியமாக அமைந்தவை. புரிந்ததா என்று பார்க்க, கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "கடவுள் எங்கும் இருக்கிறார்" என்று ஒப்பித்த பிள்ளையிடம், "அப்படியென்றால் கோயிலுக்கு ஏன் வருகிறோம்?" என்று கேட்டால், மனப்பாடமா புரிதலா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கட்டளை வரிசைச் சண்டையில் இரண்டு பிள்ளைகளும் சரி. யாத்திராகமத்திலும் உபாகமத்திலும் கட்டளைகளுக்கு எண் போடப்படவில்லை. அகுஸ்தினார் வழியில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் பிற தெய்வங்களையும் விக்கிரகத்தையும் ஒரே கட்டளையாகச் சேர்த்து, கடைசியில் பிறருடையதை இச்சிப்பது பற்றியதை இரண்டாகப் பிரித்தார்கள். ஆங்கிலிக்கன், சீர்திருத்த சபையார் விக்கிரகத்தை இரண்டாம் கட்டளையாகத் தனியே வைத்து, கடைசி இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அதனால் "ஆறாம் கட்டளை" என்றால் நம் பிள்ளைக்கு மோக பாவம், சி.எஸ்.ஐ. பிள்ளைக்குக் கொலை. தரங்கம்பாடி லுத்தரன் சபைப் பிள்ளை ஒன்று அந்தத் தெருவில் இருந்தால் நம் பக்கம்தான் நிற்கும். பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்யும்போது கட்டளையை எண்ணால் சொல்லப் பழக்காதீர்கள், வாசகத்தால் சொல்லச் சொல்லுங்கள். "ஏழாம் கட்டளையை மீறினேன்" என்று சொல்லும் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தான் பென்சில் திருடியதைச் சொல்கிறோம் என்பது பல நேரம் தெரியாது.