கிங் சோடி கையில், முன்னால் மூன்று ரெய்ஸ்: என்ன செய்வது?

"ஒன்லைன் போக்கரில் கிங் சோடி வந்தால்கூட, என் முறை வருவதற்குள் மூன்று பேர் ஏற்றிவிடுகிறார்கள். கூடப் போனால் தோற்கிறேன், விட்டால் மனசு கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன மேசை என்பதால், நீங்களும் என்னைப்போல 2 சதம், 5 சதம் மேசையில், வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு போன் வெளிச்சத்தைக் குறைத்துவைத்து ஆடுகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பதில். கையில் 100 பிளைண்ட் (சீட்டுப் பார்க்குமுன் கட்டாயமாக வைக்கிற காசு, பெரியது 5 சதம்), அதாவது அந்த மேசையில் 5 டொலர் இருந்தால், கிங் சோடியை நம்பி, ஃப்ளொப்புக்கு (நடுவில் முதல் மூன்று பொதுச் சீட்டைத் திறப்பதற்கு) முன்னாலேயே காசு முழுவதையும் நடுவில் தள்ளிவிடுங்கள். உங்களிடம் இரண்டு கிங் இருக்கும்போது மற்றவருக்கு ஏஸ் சோடி அமைய 6 வழி. குயின் சோடிக்கும் 6 வழி, ஏஸும் கிங்கும் சேர்ந்து வர 8 வழி. உங்களுக்குப் பயம் அந்த முதல் ஆறில் மட்டும்தான். உங்கள் கையில் குயின் சோடி என்றால் ஏற்றுகிற ஆளைப் பார்க்கவேண்டும். ஜாக் சோடியை மூன்றாவது ரெய்ஸில் நான் விட்டுவிடுவேன். ஃப்ளொப்பில் ஜாக்கை விடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழ 100க்கு 57 தரம் வாய்ப்பு. நடுவில் அவ்வளவு காசைக் குவித்துவிட்டு அதற்குப் பிறகு யோசிக்கிற கொடுமை வேண்டாம்.

இதை வல்லுநனாக நின்று சொல்லவரவில்லை. சூதாட்டத்துக்கு ஆலோசனையா என்று தருமரை இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: மாதம் 5 டொலருக்கு மேல் நான் வைப்பதில்லை, யாரையும் ஆடச் சொல்லவுமில்லை. கேட்டவர் ஏற்கெனவே ஆடுகிறவர்.

இனி என் கதை. நான் சீட்டுப் பழகியது 304இல். யாழ்ப்பாணத்தில் செத்தவீட்டில் இரவு முழிக்கவும், கோயில் மடத்தில் பொழுது போகவும் அதுதான். அதில் நல்ல சீட்டைக் காட்டாமல் பதுக்கிவைத்து, துரும்பை மற்றவன் மறந்திருக்கிற நேரம் போடுகிறவன்தான் கெட்டிக்காரன். அந்தப் பழக்கத்தோடு போக்கருக்கு வந்தேன்.

ஒருநாள் ஏஸ் சோடி வந்தது. எனக்கு முன்னால் ஒருவர் 15 சதத்துக்கு ஏற்றினார். நான் பெரிய தந்திரக்காரன், ஏற்றாமல் அதே 15 சதத்தை வைத்து, சும்மா கோல் மட்டும் செய்தேன். பின்னால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஐந்து பேர், நடுவில் 75 சதம். ஃப்ளொப்பில் 8, 9, 10. என் கண்ணுக்கு இரண்டு ஏஸ்கள் மட்டும்தான் தெரிந்தன. பிளைண்டில் இருந்தவர் ஏற்ற ஏற்ற நானும் ஏற்றி, 5 டொலரும் போனபிறகு அவர் சீட்டைத் திறந்தார்: ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஜாக், ஆட்டின் 7. 7 முதல் ஜாக் வரை ஐந்து சீட்டு வரிசை ஃப்ளொப்பிலேயே முடிந்திருந்தது, அது எந்தச் சோடியையும் வெல்லும். 304இல் ஜாக்குக்கு 30 புள்ளி, 9க்கு 20, ஏஸுக்கு வெறும் 11. அந்த மேசையில் 304 ஆடியிருந்தாலும் நான் தோற்றுத்தான் இருப்பேன்.

ஏதோ இரண்டு சீட்டோடு இருக்கிற ஒரே ஆளை எதிர்த்தால் ஏஸ் சோடி 100க்கு 85 தரம் வெல்லும். நாலு பேரை எதிர்த்தால் 56 அளவுக்கு இறங்கிவிடும். ஐந்து பேர் போட்ட காசுக்கு 56 என்பதும் லாபம்தானே என்று கணக்குப் படித்தவர்கள் வருவார்கள். சரிதான். ஆனால் நடுவில் 75 சதம் கிடக்க என் கையில் இன்னும் 4 டொலர் 85 சதம் மிச்சம் இருந்தது. வெறும் சோடியை நம்பி அவ்வளவையும் கொட்ட எனக்கு வழி திறந்திருந்தது, கொட்டினேன். இப்போது முதல் ரெய்ஸின் மூன்று மடங்கு, இடையில் கோல் செய்த ஒவ்வொருவருக்கும் இன்னொரு மடங்கு என்று ஏற்றுகிறேன். 15 சதம் ஏற்றி, இரண்டு பேர் கூட வந்திருந்தால் 75 சதம். அதற்கும் வருகிறவர்கள் இருக்கிறார்கள், வரட்டும். ஐந்து பேர் வரமாட்டார்கள்.

இரண்டாவது கதை உங்களுடைய அதே கிங் சோடி. 2022 மார்ச் கடைசி, நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்கள். நான் 15 சதம் ஏற்ற, ஒருவர் 50 ஆக்க, ஒரு மணித்தியாலமாகச் சீட்டை எறிந்துகொண்டே இருந்த இன்னொருவர் ஒன்றரை டொலர் வைத்தார். முழுவதையும் தள்ள விரலைக் கொண்டுபோகிறேன், ஒழுங்கை முழுக்க இருட்டு. றவுட்டர் செத்துவிட்டது. போனில் சிக்னல் பிடித்து உள்ளே போவதற்குள் என் சீட்டை ஃபோல்ட் ஆக்கி, அந்த ஆட்டத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஒன்றரை டொலர்க்காரரிடம் ஏஸ் சோடி, மற்றவரிடம் குயின் சோடி.

ரொறன்ரோவில் இருக்கிற மச்சானிடம் சொன்னேன். "சாமி காப்பாத்தியிருக்கடா" என்றான். இல்லை. கரண்ட் இருந்திருந்தால் தள்ளியிருப்பேன், 5 டொலர் போயிருக்கும், அடுத்தமுறையும் தள்ளுவேன். இதை அவனுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை.

அவனைப் பற்றிச் சொல்லாமல் விடவும் முடியவில்லை. தொடக்கத்தில் 50 டொலர் போட்டுவிட்டது அவன்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஒவ்வொரு கலியாணவீட்டுக் கோலிலும் "நான் போட்ட காசிலதான் ஆடுறான்" என்று மாமியிடம் சொல்லவேண்டுமா? அந்த மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் சொச்சம், மே மாதம் 360 அளவில். அந்த விலையில்தான் அவனுடைய ஐம்பதையும் திருப்பிக் கொடுத்தேன், அதை மட்டும் எந்தக் கோலிலும் சொல்வதில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து 25 நாளும் எங்கள் வீட்டில்தான் நின்றான். குந்தியிருக்க முடியாதென்று அவனுக்காகக் கொமட் பூட்டினோம். போகும்போது தண்ணீர் அழுத்தம் காணாது என்று குறை வேறு.

இந்த வருடமும் வருகிறானாம். தாங்கியை இன்னும் கொஞ்சம் உயர்த்திவைக்கச் சொல்லி அம்மா மேசனுக்குச் சொல்லிவிட்டா.