‘விட்’டா, ‘வைஸ்’ஸா?

கேள்வி: ஜெர்மன் படித்து வருகிறேன். வெள்ளைக்கு ‘வைஸ்’ என்று சொல்லித் தந்தார்கள். ஆனால் ஸ்னோ ஒயிட் கதையில் அவள் பெயர் ‘ஷ்னேவிட்ஷென்’. கேட்டால் ‘லோ ஜெர்மன்’ என்கிறார்கள். தாழ்ந்த பேச்சிலிருந்து வந்த இந்தக் கொச்சையை, கதையைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் போன்ற பண்டிதர்கள் ஏன் திருத்தவில்லை? தமிழில் எழுதும்போதாவது ‘ஷ்னேவைஸ்ஷென்’ என்று சரியாகப் போடலாமே?
- வாசகர், நாமக்கல்

பதில்: முதலில் அந்தத் ‘தாழ்ந்த’வை எடுத்துவிடுங்கள். ‘லோ’ என்பது நிலத்தின் உயரத்தைச் சொல்வது, பேசுகிறவரின் தகுதியை அல்ல. வடக்கே கடலை ஒட்டிய சமவெளியின் பேச்சு அது. ‘ஹை’ ஜெர்மன் தெற்கே மேட்டு நிலத்துப் பேச்சு. நம் கீழ்த்திசையை மட்டமான திசை என்றா படிக்கிறோம்? ஒரு காலத்தில் பால்டிக் கடலோரத்து ஹன்சா (வணிக நகரங்களின் கூட்டணி) வணிகர்கள் கடிதப் போக்குவரத்து நடத்தியதே இந்த வடக்கு மொழியில்தான்.

அப்புறம் அந்த ‘ட்’. பழைய ‘ட்’ தெற்கே ‘ஸ்’ ஆனது, வடக்கே அப்படியே நின்றது. தண்ணீர் அங்கே ‘வாஸர்’, இங்கே ‘வாட்டர்’. வெள்ளை அங்கே ‘வைஸ்’, இங்கே ‘விட்’. ஆங்கிலத்து ஒயிட்டும் வாட்டரும் இந்த வடக்குக் கூட்டம்தான். ஆக, மாறிப்போனது உங்கள் ‘வைஸ்’. இந்த ஒலி மாற்றங்களை ஒழுங்குபடுத்தி 1822-இல் இலக்கண நூலில் எழுதிவைத்தவர் யார் தெரியுமா? சாட்சாத் யாக்கோப் கிரிம். அவருக்கு இது தெரியாமல் போயிற்று என்கிறீர்களா?

1812-இல் வந்த கிரிம் கதைத் தொகுப்பின் முதல் பதிப்பில் தலைப்பு ‘ஸ்னேவிட்ஷென்’. நீங்கள் கேட்கும் ‘ஷ்னேவைஸ்ஷென்’ பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்தது. தெற்குப் பேச்சு வழங்கும் ஊர்களிலும் மக்கள் வடக்குப் பெயரையே சொல்கிறார்கள் என்று குறிப்பும் எழுதினார்கள். சில இடங்களில் அது சிதைந்து ‘ஷ்லிவிட்ஷென்’ ஆகிவிட்டதாம். கொச்சை என்று ஒன்றைப் பிடித்தே தீருவேன் என்றால் அதைப் பிடியுங்கள்.

உண்மையில் இன்றைய பெயர் ஒரு கலவை. முன்னால் ‘ஷ்னே’ (பனி) தெற்கு, நடுவில் ‘விட்’ வடக்கு, கடைசி ‘ஷென்’ (செல்ல விகுதி) மறுபடி தெற்கு. முழு வடக்கு என்றால் ‘ஸ்னேவிட்கென்’ என்று முடிந்திருக்கும். தொடக்கத்து ‘ஷ்’ கிரிம்கள் போட்டதும் அல்ல. அவர்கள் காலத்துக் கடைசிப் பதிப்பான 1857-லும் ‘ஸ்னே’தான். உங்களைப் போல் யாரோ திருத்தக் கிளம்பிப் பாதியில் விட்டிருக்கிறார்கள்.

அதே தொகுப்பில் மீனவன், அவன் மனைவி இல்ஸபில் கதை முழுக்க முழுக்க வடக்குப் பேச்சிலேயே அச்சாகியிருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் போமரேனியா ஓவியர் ஃபிலிப் ஓட்டோ ருங்கே. மீனவன் கடலோரம் நின்று, நான் விரும்புகிறபடி என் பெண்டாட்டி விரும்பவில்லை என்று மீனிடம் புலம்புகிறான். அந்த ‘நான்’ அவன் வாயில் ‘இக்’. உங்கள் வகுப்பில் ‘இஷ்’.

சரி, தமிழில் திருத்திவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். ‘ஷ்னேவைஸ்ஷென்’ என்ற பெயரில் கிரிம் தொகுப்பில் ஏற்கெனவே வேறொரு பெண் இருக்கிறாள். குளிரில் வீட்டுக்குள் வந்த கரடியின் ரோமத்திலிருந்து, சகோதரி ரோஸன்ரோட்டோடு சேர்ந்து துடைப்பத்தால் பனியைத் தட்டிவிட்டவள். அவளுக்கு என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள்?