நூலில் இல்லை, துளையில் இருக்கிறது

அன்புள்ள அக்கா,

சேலத்தில் வீட்டிலிருந்தே மாலை கோர்த்து விற்கிறேன். சூதுபவளம் (கார்னீலியன் என்கிற சிவப்புக் கல்), பளிங்கு (ஸ்படிகம்), இடையிடையே கண்ணாடிப் பாசி. கல் மாலைகள் நாலைந்து மாதத்தில் அறுந்து திரும்பி வருகின்றன, எந்த நூல் போட்டாலும். கண்ணாடி கலந்திருக்கிறது என்றதும் "டூப்ளிகேட்டா?" என்கிறார்கள். கண்ணாடியை விட்டுவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நானும் ஒரு வருடம் நூலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மணியை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். கல்லை இரண்டு பக்கமிருந்தும் துளைப்பார்கள், நடுவில் துளைகள் கொஞ்சம் விலகிச் சந்தித்தால் அங்கே ஒரு படி நிற்கும், வாய் விளிம்போ கத்தி மாதிரி இருக்கும். கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் பளிங்கும் சூதுபவளமும் கிட்டத்தட்ட 7, பாவம் நூல் என்ன செய்யும்! வைரத்தூள் பூசிய ஊசி அரத்தால் விளிம்பை மெதுவாகத் தேயுங்கள். மணியும் கையும் தண்ணீருக்குள் இருக்கட்டும், இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். குஜராத்தின் கம்பாத்தில் கல் தேய்ப்பவர்கள் பலருக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தது இந்தக் கல்தூளால்தான். அப்புறம் கோர்க்கும்போது ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு முடிச்சு.

சரி, கண்ணாடி. ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் கண்ணாடியைக் குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, சாம்பலோடு புரட்டி மறுபடி சூடேற்றுவார்கள், ஒட்டாமல் இருக்கச் சாம்பல், முனை மழுங்கச் சூடு. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் அரிக்கமேட்டில் செய்ததும் இப்படி இழுத்த பாசிதான். உங்கள் மாலையில் நூலை அறுக்காத மணி அதுதான், அதைப் போய் விடுவதா?

கண்ணாடியைக் கல் என்று சொல்லி விற்றால்தான் டூப்ளிகேட். சீட்டில் 'கண்ணாடிப் பாசி' என்றே பெரிதாக எழுதுங்கள். உண்மையில் நீங்கள் சந்தேகப்பட வேண்டியது சூதுபவளத்தை, அந்தப் பெயரில் வருவதில் நிறைய சாயமேற்றிய அகேட் என்கிற வேறு கல். சூடுகாட்டிச் சிவக்க வைப்பது பழைய வழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். சாயம் என்றால் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வந்த மாலைகளைப் பிரிப்பதற்கு முன் அறுந்த இடத்தைப் பாருங்கள். மணிக்குள் அறுந்திருந்தால் அரத்தை எடுங்கள். கொக்கிப் பக்கம் என்றால் அது துளையின் குற்றமில்லை, உங்கள் முடிச்சு.